சரி, எடுத்துட்டு வர்றேன்

அக்காவிடம் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட முடியாது. சொன்னால் அதைச் செய்துவிடுவார்.

எங்கள் போட்டோ சங்கத்தில் இது எல்லோருக்கும் விளங்கக் கொஞ்ச காலம் பிடித்தது. மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்டியில் கூடுவோம். ஆளுக்கொரு படம் கொண்டுவர வேண்டும், மற்றவர்கள் அதைப் பார்த்து நிறைகுறை சொல்ல வேண்டும். எல்லாச் சங்கங்களிலும் நடப்பதுதான். சொல்கிறவர் சொல்லிவிட்டு மறந்துவிடுவார். கேட்கிறவர் தலையை ஆட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் மனதுக்குள் திட்டுவார். நாங்கள் அக்கா என்று கூப்பிடும் இவர் சங்கத்துக்கு வந்த பிறகு இந்த நல்ல ஏற்பாடு கெட்டுப்போனது.

"கொஞ்சம் கிட்டப் போய் எடுத்திருக்கலாம்" என்று ஒருவர் சொன்னால் அக்கா அடுத்த மாதம் கிட்டப் போய் எடுத்து வருவார். இன்னொருவர் தள்ளி நின்றிருக்கலாம் என்று சொல்லியிருந்தால் தள்ளி நின்றும் ஒன்று எடுத்திருப்பார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இது நீங்க சொன்னது, இது ஐயா சொன்னது. இப்ப பாருங்க" என்பார். முகத்தில் குத்தல் எதுவும் இருக்காது. சொன்னவர்களுக்குத்தான் வியர்க்கும்.

அப்போது அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. மாநகர சபையில் கிளார்க். காலமெல்லாம் கந்தோரில் இருந்தவர். அங்கே மேலே அனுப்பிய ஃபைல் "திருத்தி அனுப்பவும்" என்று திரும்பி வந்தால் யாரும் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காருவதில்லை, திருத்தி அனுப்புகிறார்கள். படத்துக்கும் அதே முறைதான் என்று அவர் நினைத்துக்கொண்டார். அவருடைய கெமரா கட்டாரிலிருந்து தம்பி அனுப்பியது. அதன் வாரைச் சேலையோடு சேர்த்து ஊசி குத்தியிருப்பார். பஸ்ஸில் யாராவது பறித்தால் சேலையோடுதான் பறிக்க வேண்டும் என்று சொல்லிச் சிரிப்பார்.

எனக்கு ரயில்வே ஸ்டேஷனுக்குக் கிட்ட ஒரு கடை இருந்தது. போட்டோகொப்பி அடிப்போம், படங்கள் பிரிண்ட் போடுவோம். சங்கத்துக்குக் காரியதரிசியும் நான்தான். தலைவர் ஒரு பல் டொக்டர், கூட்டம் நடந்ததும் அவருடைய கிளினிக்கில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே நோயாளிகள் வருவதில்லை. பல்லைப் பார்க்கிற விளக்கு படம் பார்க்கவும் தோதாக இருந்தது. வெள்ளை வெளிச்சம், வேண்டிய பக்கம் திருப்பிக்கொள்ளலாம்.

அந்த விளக்கோடு சேர்ந்து ஒரு சட்டமும் வந்தது. யாருடைய படம் விளக்குக்குக் கீழே இருக்கிறதோ, அவர் நோயாளியின் சாய்கதிரையில் ஏறிப் படுத்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் சொல்லி முடிக்கும் வரை வாயைத் திறக்கக்கூடாது. டொக்டர் ஒரு நாள் விளையாட்டாகத் தொடங்கியது. "இந்தக் கதிரையில ஏறின ஒருத்தரும் இன்டைக்கு வர என்னோட வாதாடினதில்ல" என்றார். எங்களுக்கு அது பிடித்துப்போயிற்று. தேவையாகவும் இருந்தது. அதுவரை எங்கள் சங்கத்தில் அதிகமாகக் கேட்ட பேச்சு, "வேணும்னுதான் அப்படி எடுத்தேன்" என்பதுதான். படம் சாய்ந்திருந்தால் வேண்டுமென்று சாய்த்தது. தலை வெட்டுப்பட்டிருந்தால் வேண்டுமென்று வெட்டியது. இருட்டாக இருந்தால் அதற்கு ஒரு தத்துவமே இருக்கும். இந்த வியாதியில் என்னையும் விட்டுவிட முடியாது.

அக்கா மட்டும் அதை ஒரு நாளும் சொன்னதில்லை. எல்லோரும் பேசி முடித்ததும் கதிரையிலிருந்து இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு, ஒரே பதில்தான் சொல்வார்.

"சரி, எடுத்துட்டு வர்றேன்."

அவர் மற்றவர்களுடைய படங்களைப் பற்றிச் சொல்வதும் குறைவு. அழகாக இருக்கிறது, ஆழமாக இருக்கிறது என்ற பேச்சே அவரிடம் இல்லை. "செஞ்சு பாக்கக்கூடியதா ஒன்னு சொல்றேன்" என்று தொடங்குவார். வெயில் இறங்கியதும் போங்கள், இந்தக் கம்பத்தை விட்டு இரண்டடி தள்ளி நில்லுங்கள், இப்படித்தான் இருக்கும். அப்படி ஒன்றும் தோன்றாவிட்டால், "எனக்குச் சொல்லத் தெரியல டொக்டர்" என்று பேசாமல் இருந்துவிடுவார். தெரியவில்லை என்று சொல்வதை எங்கள் சங்கத்தில் தொடக்கிவைத்தவரே அவர்தான்.

ஒரு தடவை டொக்டர் கண்டிக் குளத்தில் ஒரு மீன்கொத்தியை எடுத்து வந்தார். பெரிய லென்ஸ், பெரிய பிரிண்ட். குருவியின் கண் மட்டும் மங்கல். அக்கா பார்த்துவிட்டு, "டொக்டர், குருவிக்குக் கண்ணு தெரியலயே" என்றார். டொக்டர் கதிரையில் படுத்திருந்தார். தான் வைத்த சட்டத்தைத் தானே மீறினார்.

"அது வேணும்டுதான் அப்பிடி எடுத்த."

அக்கா கேலி செய்யவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டார்.

"அப்படின்னா இன்னொரு தடவ அதே மாதிரி எடுக்க முடியுங்களா?"

டொக்டர் விளக்கை அணைத்துவிட்டு எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டார். அடுத்த மாதம் அவர் கொண்டுவந்த மீன்கொத்தி எங்களை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்காக விடியற்காலையில் எத்தனை நாள் குளத்துக் கட்டில் குந்தியிருந்தாரோ, அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தேத்தண்ணியோடு டொக்டர் ஆளுக்கொன்றாகக் கொடுக்கும் ரோல்ஸில் அக்காவுக்கு மட்டும் அன்றைக்கு இரண்டு கிடைத்தது.

இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன். அக்காவை நினைத்தால் அந்தப் படம்தான் நினைவுக்கு வருகிறது. ஒரு படம் என்றா சொல்வது, ஒரே படத்தின் பல பிறவிகள்.

அக்காவின் வீடு தெல்தெனிய போகும் பாதையில், குண்டசாலைக்கு அப்பால் ஒரு வளைவில் இருந்தது. வளைவு முடிகிற இடத்தில் ஒரு பஸ் ஹோல்ட். தினமும் பின்னேரம் அவருடைய வீட்டுக்காரர் அந்த ஹோல்ட்டுக்கு வந்து நிற்பார். அவர் கண்டியில் ஒரு புடவைக் கடையில் சேலை காட்டியே ஓய்வு பெற்றவர். சந்திக்குப் போவதென்றாலும் சட்டையை உள்ளே விட்டு, தலையை வாரித்தான் போவார். அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கியதும் பையை வாங்கிக்கொள்வார், மழையென்றால் குடை பிடிப்பார். இரண்டு பேரும் நடந்து போய்விடுவார்கள். கல்யாணமான நாள் தொட்டு, தன் கடை பூட்டுகிற நேரம் இடங்கொடுத்த போதெல்லாம், இதுதான் வழக்கம்.

ஒரு நாள் அக்கா பஸ் ஜன்னலிலிருந்து ஃபோனில் அதை ஒரு படம் எடுத்தார். ஜன்னல் கம்பி அவருடைய முகத்தின் நடுவே விழுந்து பாதி முகத்தை மறைத்திருந்தது. அதைத்தான் முதலில் கொண்டுவந்தார். என்ன படம் இது என்று கேட்டோம்.

"இவர் நிக்கிறத நாலு பேர் பாக்கணும்னு ஆசையா இருக்கு" என்றார். "இந்த வருஷ முடிவோட எனக்கு ரிட்டயர். அதுக்கப்புறம் இவர் அங்க வந்து நிக்க மாட்டார். இத்தன வருஷமா நான் ஒருத்திதான் பாத்திருக்கேன். அப்படியே போயிட்டா எப்படி?"

எங்கள் சங்கத்துக்கு வருஷத்துக்கு ஒரு கண்காட்சி உண்டு. பெரஹெரா ஊர்வலங்கள் முடிந்து ஊர் அடங்கிய பிறகு, குளத்தங்கரையில் ஒரு மண்டபத்தை எடுத்து ஆளுக்கொரு படம் மாட்டுவோம். மாட்டத் தகுந்தது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் மாட்டலாம். அந்த வருஷக் கண்காட்சியில் தன் வீட்டுக்காரர் ஹோல்ட்டில் நிற்கும் படம் தொங்க வேண்டும் என்பதுதான் அக்காவின் ஆசை. அதற்குக் கையில் சில மாதங்களே இருந்தன.

பிறகென்ன, நாங்கள் சொல்லத் தொடங்கினோம்.

கம்பியில்லாமல் எடுங்கள் என்றோம். பஸ்ஸைப் போகவிட்டு ரோட்டிலிருந்து எடுத்தார். கிட்டப் போங்கள் என்றோம். போனார். பின்னால் இருக்கும் லொத்தர்ச் சீட்டு விளம்பரம் கண்ணை உறுத்துகிறது என்றோம். வீட்டுக்காரரை ஹோல்ட்டின் அந்தப் பக்கத் தூணுக்கு மாற்றினார். சங்கத்தில் ஓய்வு பெற்ற பேங்க் மெனேஜர் ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பேங்க் ஐயா என்போம். அவருக்கு நிறத்தில் பெரிய நம்பிக்கை.

"உந்தக் கறுப்புக் குடை எடுபடேல்லைத் தங்கச்சி" என்றார். "ஒரு சிவப்புக் குடையெண்டா கண் நேரா அங்கதான் போகும்."

"சரி, எடுத்துட்டு வர்றேன்."

அடுத்த மாதம் சிவப்புக் குடை வந்தது. நல்ல ரத்தச் சிவப்பு. அதைப் பிடித்துக்கொண்டு அந்த மனுஷர் கல்யாண வீட்டில் வழி தவறியவர் மாதிரி நின்றார். பேங்க் ஐயா மகிழ்ந்துபோனார். மகிழ்ச்சியில் இன்னொன்றும் சொன்னார்.

"இனிப் பின்னால கொஞ்சம் பனிமூட்டம் இருந்தா, திறம்."

பனிமூட்டம். குண்டசாலையில், பின்னேரத்தில். பேங்க் ஐயா அதை யோசித்துச் சொல்லவில்லை. படத்தைப் பார்த்ததும் மனதில் தோன்றியது, சொல்லிவிட்டார். மற்றவர்களாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். அக்காவுக்கு நாவலப்பிட்டியில் ஒரு தங்கச்சி இருந்தார். தேயிலைத் தோட்டத்தை ஒட்டின வீடு. அங்கே மழை நாளில் காலையிலும் பின்னேரத்திலும் எதிரில் நிற்கும் ஆளே தெரியாது. அக்கா வீட்டுக்காரரையும் சிவப்புக் குடையையும் கூட்டிக்கொண்டு, ஸ்டேஷனுக்குப் போய்க் கோச்சியேறி நாவலப்பிட்டிக்குப் போனார். அங்கே ஒரு பஸ் ஹோல்ட்டில் அவரை நிறுத்தி எடுத்து வந்தார்.

பனிமூட்டம் அருமையாக இருந்தது. குடை பளிச்சென்று இருந்தது. நாங்கள் எல்லோரும் விளக்கைச் சுற்றி நின்று பார்த்தோம். நான்தான் கேட்டேன்.

"அக்கா, நாவலப்பிட்டியில அண்ணன் யாருக்காகக் காத்துக்கிட்டு நிக்கிறாரு?"

அக்கா கதிரையில் இருந்ததால் பேச முடியாது. பதில் வாசலிலிருந்து வந்தது.

"அதத்தான் நானும் கேக்க வந்தேன்."

வீட்டுக்காரர் வந்திருந்தார். சட்டையை உள்ளே விட்டு, தலையை வாரி, கையில் அந்தச் சிவப்புக் குடையோடு. இதுவரை படத்தில் மட்டும் பார்த்த மனுஷர் விளக்கு வெளிச்சத்துக்குள் வந்து நின்றதும் எங்களுக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

"யாருங்க இங்க சிவப்புக் குடை சொன்னது?"

பேங்க் ஐயா மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"பனிமூட்டம்?"

தூக்கிய கையை ஐயா இறக்கவில்லை.

"நல்லா இருங்க" என்றார் வீட்டுக்காரர். கோபமில்லை, அலுப்புத்தான். "கடையில நான் பத்துச் சேல விரிச்சா ஒன்ன எடுத்துட்டுப் போவாங்க. இப்ப ஒரே சேலய மாசாமாசம் விரிச்சுக்கிட்டு இருக்கேன். எது புடிக்குதுன்னு சொல்லிட்டா நான் வீட்டுக்குப் போயிருவேன்."

எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். டொக்டர் அவரை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தார். அன்றைக்குத்தான் நாங்கள் எங்கள் பேச்சு எங்கெங்கே போய் யாரை நனைத்துவிட்டு வருகிறது என்பதைக் கண்ணால் கண்டோம். அதற்குப் பிறகு டொக்டர் எல்லாப் பிரிண்டுகளையும் வரிசையாக வைத்து, அவசரப்படாமல் பார்த்தார். யோசித்துத்தான் சொன்னார்.

"அக்கா, நான் ஒன்டு சொல்றேன். இதுல எதுலயும் இவர் ஒங்களுக்காகக் காத்துக்கிட்டு நிக்கல்ல. கெமராவுக்காக நிக்கிறார். மொகத்தப் பாத்தாத் தெரியுது. இவருக்குத் தெரியாம எடுக்கணும்."

சரியான பேச்சு. எங்கள் சங்கத்தில் அதுவரை சொல்லப்பட்டதிலேயே சரியான பேச்சு அதுவாகத்தான் இருக்கும். வீட்டுக்காரரே "அது மெய்தான்" என்றார். அக்கா கதிரையிலிருந்து இறங்கினார். இந்தத் தடவை வழக்கமான பதிலைக் கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னார்.

கண்காட்சிக்கு முந்திய கடைசிக் கூட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அக்கா என் கடைக்கு வந்தார். வழக்கமாகக் கவுண்டரில் சாய்ந்துகொண்டு, மிஷினிலிருந்து படம் வருவதைக் குனிந்து பார்ப்பார். அன்றைக்குத் தள்ளி நின்றார்.

"தம்பி, இதப் பிரிண்ட் போடுறதா வேணாமான்னு தெரியல" என்றார். நடந்ததைச் சொன்னார்.

டொக்டர் சொன்னபடி அவர் ஒரு ஹோல்ட் முன்னாலேயே இறங்கியிருக்கிறார். நடந்து வந்து, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருந்த பேக்கரிக்குள் போய், கண்ணாடி அலுமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டார். இலேசான தூறல். வீட்டுக்காரர் ஹோல்ட்டில் நின்றார். வழக்கமான பஸ் முன்னமே போய்விட்டிருந்தது, அதில் அக்கா வரவில்லை. அடுத்த பஸ்ஸும் வந்து போனது. அதிலும் இல்லை. அவர் ஹோல்ட்டை விட்டு ரோட்டு ஓரத்துக்கு வந்து வளைவை எட்டிப் பார்த்தார். பிறகு ஃபோனை எடுத்தார். அக்காவின் தோள்பைக்குள் ஃபோன் அதிரத் தொடங்கியது.

"எடுத்திருக்கணும் தம்பி" என்றார் அக்கா. "எடுத்திருந்தா அந்த மொகம் மாறியிருக்கும். நான் கெமராவ அமத்திட்டேன். பையில ஃபோன் அடிச்சிக்கிட்டே இருந்திச்சு, என் கையும் நடுங்கிப்போச்சு. ஒன்னுதான் எடுத்தேன். அதுக்கப்புறம் ரோட்டத் தாண்டி ஓடினேன்."

"அண்ணன் என்ன சொன்னாரு?"

"பைய வாங்கிக்கிட்டார். கேட்டத் தொறக்கிறப்ப, ஃபோன எடுக்கலயேன்னு மட்டும் கேட்டார். சத்தம் கேக்கலன்னு சொல்லிட்டேன்." கெமரா வாரில் குத்தியிருந்த ஊசியைத் திருகினார். "பொய் சொல்லிட்டேன் தம்பி. இது வரைக்கும் படத்துக்காகப் பொய் சொன்னதில்ல."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் பிரிண்டுக்குக் கொடுத்திருந்தேன், மிஷின் படத்தைத் தள்ளியது. நான் எடுத்துப் பார்த்தேன்.

அதைச் சொல்வது கஷ்டம். ரோட்டு ஓரத்தில் ஒரு மனுஷர். காதில் ஃபோன். கண் வளைவின் மேல். தலை முழுக்க நனைந்து, வாரிய முடி நெற்றியில் ஒட்டியிருக்கிறது. சிவப்புக் குடை மடித்தபடி கக்கத்தில் இருக்கிறது. குடை கையில் இருப்பதே அவருக்கு நினைவில்லை. படம் இலேசாக ஆடியிருந்தது. நாங்கள் மாதக்கணக்காக அந்த மனுஷரை அங்கும் இங்கும் நகர்த்திக் கேட்டது இதைத்தான். கிடைத்தபோது அதை அக்காவிடம் நேராக நீட்ட முடியாமல் கவுண்டரில் கவிழ்த்து வைத்தேன்.

"அண்ணனுக்குக் காட்டினீங்களா?"

"ஞாயித்துக்கிழமை கூட்டிக்கிட்டு வர்றேன். அங்க பாக்கட்டும். வீட்டில காட்டினா நான் ஏதாவது சமாதானம் சொல்லிருவேன். அந்தக் கதிரையில இருந்தா பேச முடியாதுல்ல."

ஞாயிற்றுக்கிழமை அக்கா கதிரையில் ஏறிப் படுத்தார். கையிரண்டையும் மடியில் கோத்துக்கொண்டார். டொக்டர் படத்தை விளக்குக்குக் கீழே வைத்தார். வீட்டுக்காரர் கடைசியில், வாசல் பக்கம் நின்றார். அவருக்கு இன்னும் படம் தெரியவில்லை.

பேங்க் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"கொஞ்சம் ஆடி..." என்று தொடங்கினார். தொடங்கியவர் கதிரையைப் பார்த்தார். ஆடியிருக்கிறது என்று சொன்னால் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். "ஓம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டார். டொக்டர் தனக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினார். நானும் அப்படியே.

"அண்ணே, நீங்க பாருங்க" என்றேன்.

வீட்டுக்காரர் வந்து குனிந்து பார்த்தார். சேலையின் ஓரத்தில் இழை பிரிந்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி, மெதுவாக, ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டு வந்தார். முகத்துக்கு வந்ததும் நின்றார்.

"இது அன்னைக்கு எடுத்ததா" என்றார்.

அக்கா கதிரையில் கண்ணை மூடிக்கொண்டார்.

"பேக்கரியிலயா நின்ன?"

சட்டப்படி அக்கா பேசக்கூடாது. ஆமென்று தலையசைத்தார். மூடிய கண்ணிலிருந்து இரண்டு பக்கமும் தண்ணீர் காதுக்குள் இறங்கியது. விளக்கை அணைக்க டொக்டர் கையைக் கொண்டுபோனார். வீட்டுக்காரர் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"பாதையில ஏதோ பஸ் பெரண்டிருச்சுன்னு நெனச்சேன்" என்றார், படத்தைப் பார்த்தபடியே. "கொண்டக்டர்கிட்ட கேட்டேன், அவன் ஒன்னும் தெரியாதுன்னான். கொடை கையில இருக்கிறதே தெரியல, பாருங்க." விரலால் படத்திலிருந்த குடையைத் தொட்டுக் காட்டினார். "நான் இப்படியா இருந்தேன்."

அவர் கோபித்துக்கொண்டு வெளியே போய்விடுவார் என்றுதான் நான் நினைத்தேன். போயிருந்தாலும் தப்பில்லை. அவர் கதிரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். அக்காவுக்குத்தான் சொன்னார், எங்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகச் சொன்னார்.

"படம் நல்லா இருக்கு. மாட்டு. ஆடினது ஆடினபடி இருக்கட்டும், திரும்ப எடுக்கிறேன்னு கெளம்பிறாத. இன்னொரு தடவ என்னால இப்படி நிக்க ஏலாது."

பிறகு அக்காவின் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நீ எப்பவும் சொல்லுவியே, செஞ்சு பாக்கக்கூடியதா ஒன்னு சொல்லணும்னு. ஒன்னு சொல்றேன். இனிமே பஸ் வளைவுல திரும்புறப்பவே கையக் காட்டு. இருக்கேன்னு தெரிஞ்சாப் போதும்."

அக்கா எழுந்து உட்கார்ந்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். எல்லோரும் பேசி முடித்தாயிற்று, இனி அவர் பேசலாம். ஆனாலும் அவரால் வழக்கமான பதிலைச் சொல்ல முடியவில்லை. "சரி" என்பது வரைக்கும்தான் வந்தது.

எங்கள் எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது. பேங்க் ஐயா வெளிப்படையாகவே மூக்கைச் சிந்தினார்.

படம் மண்டபத்தில் தொங்கியது. நல்ல கூட்டம். வீட்டுக்காரர் கண்காட்சி நடந்த நாளெல்லாம் வந்து, தன் படத்துக்குப் பக்கத்திலேயே நின்றார். நிற்பதுதான் அவருக்குப் பழக்கமாயிற்றே. புடவைக் கடை மாதிரி வருகிறவர்களையெல்லாம் உள்ளே கூப்பிட்டார். கெமரா தொங்கிய கழுத்தோடு ஒரு இளைஞன் படத்தை மூக்கு முட்டப் பார்த்துவிட்டு, "அங்கிள், இது ஷேக் ஆகியிருக்கே" என்றான்.

"வேணும்னுதான் அப்படி எடுத்திருக்கா" என்றார் வீட்டுக்காரர்.

அந்தப் பேச்சு முதல் தடவையாக எனக்குப் பிடித்தது.

வருஷம் முடிவதற்கு முன் ஒரு நாள் நான் தெல்தெனியவுக்குப் போக வேண்டியிருந்தது. பின்னேர பஸ், மழை, நிற்கக்கூட இடமில்லை. பாதி வழியில்தான் கவனித்தேன், முன்னால் ஜன்னலோர சீட்டில் அக்கா. கூப்பிடலாம் என்றால் சனத்தைத் தாண்டிச் சத்தம் போகாது. கெமராவின் வார் சேலையோடு ஊசி குத்தியபடி இருந்தது. குண்டசாலை தாண்டியதும் அக்கா ஜன்னலைத் திறந்தார். பக்கத்தில் இருந்த பெண் மழைச்சாரலுக்கு முகத்தைச் சுளித்தாள். வளைவு தொடங்கியதும் அக்கா வலது கையை முழங்கை வரைக்கும் வெளியே நீட்டி ஆட்டினார்.

கொண்டக்டர் கண்டுவிட்டான். அது தப்பு, ஆபத்தும்கூட. கையை உள்ளே எடுங்கள் மிஸ் என்று சிங்களத்தில் சத்தம் போட்டான். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு தடவை சொன்னான். கை வெளியேதான் இருந்தது, நனைந்துகொண்டே ஆடியது. எனக்குத் தெரிந்து ஒருவர் சொன்ன திருத்தத்தை அக்கா கேட்காமல் விட்டது அந்த ஒரு தடவைதான்.

நான் குனிந்து முன் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஹோல்ட்டில் அவர் நின்றுகொண்டிருந்தார். கையைக் கண்டதும் சிவப்புக் குடையை விரித்தார்.